கறுப்பின் மேல் கறுப்பு

மூன்று வாரமாக 'கொரிந்தியன்' போர்க்கப்பலில் எல்லோருக்கும் துக்கம். ரோஸன்ஹால்ட் என்ற ஜெர்மன் சிற்றரசின் கோமகன் இறந்துபோயிருந்தார். மகாராணிக்கு அவர் ஏதோ ஒரு வழியில் உறவு. எந்த வழி என்று கேட்டால் கேப்டனுக்கே தெரியாது. லண்டனிலிருந்து ஆணை வந்தது. அதிகாரிகள் இடது கையில், துக்கத்துக்கென்று உள்ள க்ரேப் துணியில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு சீட்டாடினார்கள். பன்றிக்கறி தின்றார்கள். கோமகன் குதிரையிலிருந்து விழுந்து செத்தாரா, கட்டிலிலிருந்தா என்று சாப்பாட்டு மேசையில் தர்க்கம் செய்தார்கள்.

அந்த மேசையில் பட்டி கட்டாதவர் ஒருவர்தான். கப்பலின் பாதிரியார், ஆம்ப்ரோஸ் டில்லியார்ட். உண்மையாகவே ஒருவரைப் பறிகொடுத்தவரும் அந்த மேசையில் அவர் ஒருவர்தான்.

மனைவி ஹெஸ்டர் மார்ச் மாதம் மால்டாவில் காய்ச்சலில் போனாள். குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கப்பல் அப்போது துருக்கியில் ஸ்மிர்னா துறைமுகத்தில் நின்றது. அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, மேட்டு மண்ணும் காய்ந்திருந்தது. யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவரும் குலுக்கினார். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

பட்டி கட்டலாமா என்றும் தெரியவில்லை. உடை விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். சொந்தத் துக்கம் உள்ள அதிகாரி சீருடையின் இடது கையில் பட்டி அணியலாம் என்று இருந்தது. பாதிரியாருக்குச் சீருடை கிடையாது. கேப்டனின் சரிகை எத்தனை விரற்கடை, தச்சரின் பொத்தான் எந்த உலோகம், எல்லாம் இருந்தது. பாதிரியார்கள் தங்கள் குருமார் வழக்கப்படி உடுத்திக்கொள்வார்கள் என்று ஒரே வரி. குருமார் வழக்கமோ கறுப்பு. பகலும் கறுப்பு, இரவும் கறுப்பு, கல்யாணத்துக்கும் கறுப்பு. கரையில் கையில் க்ரேப் சுற்றிக்கொள்பவர்கள் வண்டிக்காரர்களும் பட்லர்களும்தான்; எஜமான் வீட்டில் சாவு என்றால் கட்டிக்கொள்வார்கள். ஆக, கப்பலில் அது அதிகாரிகளின் அடையாளம், கரையில் வேலைக்காரர்களின் அடையாளம். அவர் இரண்டும் இல்லை. புத்தகத்தை அலமாரியில் திருப்பி வைத்தார். அப்படியே நாட்கள் ஓடின.

இன்று மத்தியானம் அட்மிரலின் கொடிக் கப்பலிலிருந்து சமிக்ஞை வந்தது. அரச துக்கம் முடிந்தது, பட்டிகளைக் கழற்றவும். எல்லோரும் கழற்றினார்கள். டில்லியார்டுக்குக் கழற்ற ஒன்றும் இல்லை.

மாலையில் அட்மிரல் வீட்டில் விருந்து. அவருக்கு அழைப்பு இருந்தது.

கப்பல் இன்னும் சில நாளில் சீனாவுக்குப் புறப்படுகிறது. போனால் திரும்பிவர மூன்று வருடமோ நான்கு வருடமோ. குழந்தை ஆக்னஸ் இங்கே மால்டாவில், ஸ்லீமாவில், கார்மெனா என்ற தாதியிடம் பால் குடித்து வளர்கிறது. ஹெஸ்டரின் அக்கா இங்கிலாந்தில் எக்ஸிட்டரில் இருக்கிறாள், அவளுக்கே ஐந்து பிள்ளைகள். பால்குடிக் குழந்தையை யார் மடியில் கொடுத்து பிஸ்கே கடலைத் தாண்டி அனுப்புவது? இங்கேயே விட்டுப் போனால் திரும்பி வரும்போது அது மால்டாப் பேச்சுப் பேசிக்கொண்டு, யாரோ ஒரு துரை வந்திருக்கிறார் என்று கதவுக்குப் பின்னால் ஒளியும்.

ஒரே ஒரு வழி இருந்தது. கப்பல் பட்டறைத் தேவாலயத்துப் பாதிரியார் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார். அந்த இடம் கிடைத்தால் டில்லியார்ட் கரையிலேயே இருக்கலாம். இடத்துக்குப் பெயர் சொல்ல வேண்டியவர் சர் ஜார்ஜ் பென்ரடாக். புது அட்மிரல். வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, மால்டாவில் யாரையும் தெரியாது. அந்த இடத்தைக் கேட்ட இரண்டு பாதிரியார்களையும் விருந்துக்கு அழைத்திருந்தார். மற்றவர் 'ஆல்பியோன்' கப்பலின் பாஸ்கோம்.

அட்மிரலைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்றே ஒன்று. போன வாரம் ஒரு கேப்டனை, கையுறையில் பொத்தான் இல்லை என்று, வாசலிலிருந்தே படகுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பாதிரியாரே, இன்னும் சட்டையோடதான் நிக்கிறீங்களா?"

அறைக்குள் தலையை நீட்டியவர் கப்பலின் மருத்துவர் லானிகன். ஐரிஷ்காரர், கத்தோலிக்கர், டில்லியார்டுக்குக் கப்பலில் இருந்த ஒரே சிநேகிதர். அவருக்கும் அழைப்பு. விருந்து உடையில் இருந்தார். குட்டைச் சட்டை, கையில் தங்கச் சரிகை, சரிகைக்கு நடுவே மருத்துவர்களுக்குரிய சிவப்பு. ஒரு பார்வையில் யார், என்ன பதவி, எங்கே உட்காருவார் என்று தெரிந்துவிடும்.

"நான் ரெண்டையும் எடுத்து வச்சாச்சு சார்," என்றான் ஜப். டில்லியார்டுக்கு ஏவல் செய்யும் கடற்படைச் சிப்பாய். "திறந்தது ஒண்ணு, மூடினது ஒண்ணு. ஐயா ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டே இருக்காரு. ஒண்ண நான் ஒளிச்சு வச்சுட்டா தேவலை."

கட்டிலின் மேல் கறுப்பு வால்கோட்டு கிடந்தது. பொத்தான்களுக்கும் கறுப்புத் துணியே போர்த்தியிருந்தது. சரிகை இல்லை, நங்கூரம் இல்லை. பக்கத்தில் இரண்டு வெயிஸ்ட்கோட்டுகள். ஒன்று மார்பு திறந்தது. வெள்ளைச் சட்டை தெரியும், வெள்ளைக் கழுத்துப்பட்டி கட்ட வேண்டும். ஊரில் எல்லா ஆண்களும் விருந்துக்குப் போடுவது. மற்றது கறுப்புப் பட்டு, கழுத்துவரை மூடிப் பொத்தான் போடுவது. அதைப் போட்டால் ரோமாபுரிக் கத்தோலிக்கப் பக்கம் சாய்கிறவன் என்று சில பேர் முகம் சுளிப்பார்கள். முன்னதைப் போட்டால் பட்லர் மாதிரி இருக்கிறான் என்று சில பேர் சிரிப்பார்கள்.

"அட்மிரல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் டில்லியார்ட்.

"யாருக்குத் தெரியும்? வெள்ளைக் கழுத்துப்பட்டிக்காரர்னு கமாண்டர் சொல்றாரு. அவர் சம்சாரம் மூடின கட்சியாம், மெழுகுவத்தி, சாம்பிராணி எல்லாம் உண்டாம். என்னைக் கேக்காதீங்க. நான் கத்தோலிக்கன். எனக்கு நீங்க எதைப் போட்டாலும் மதத்துரோகிதான்."

ஜப் சிரித்தான். பிறகு பாதிரியாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

டில்லியார்ட் மூடியதை எடுத்தார். கொள்கை எதுவும் இல்லை. வெள்ளைக் கழுத்துப்பட்டியை எப்போதும் ஹெஸ்டர்தான் கட்டிவிடுவாள். அவருக்குக் கட்டத் தெரியாது. மூடியதற்குப் பொத்தான் போட்டால் போதும்.

போட்டு முடித்து நின்றார். கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு.

லானிகன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பட்டி கட்டிக்கோங்க," என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா? அட்மிரலுக்கு உங்களைத் தெரியாது. அங்கே நிக்கிற கறுப்புக் கோட்டுல நீங்களும் ஒண்ணு, பாஸ்கோமும் ஒண்ணு. கையில பட்டி இருந்தா, யாருக்குன்னு கேப்பாரு. நீங்க சொல்லுவீங்க. கைக்குழந்தை இருக்குன்னும் சொல்லுவீங்க. அந்த மனுஷன் கல்லாவா இருப்பான்? இடம் உங்களுக்கு."

"விதியில இல்லையே, லானிகன்."

"வேண்டாம்னும் இல்லையே."

அது உண்மை. வேண்டாம் என்றும் இல்லை. டில்லியார்ட் யோசித்தார். இத்தனை நாள் ஹெஸ்டருக்காகக் கட்டாத பட்டியை இன்று ஒரு உத்தியோகத்துக்காகக் கட்டுவதா? இல்லை, இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டியதை இன்றாவது கட்டுவதா? இரண்டும் ஒரே துணி. எது எதுவென்று அவரால் பிரிக்க முடியவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே லானிகன் தன் பையிலிருந்து பட்டியை எடுத்து ஜப்பிடம் கொடுத்துவிட்டார். மத்தியானம் கோமகனுக்காகக் கழற்றியது.

ஜப் ஊசியும் நூலுமாக வந்தான். நான்கு தையல் போட்டான். தள்ளி நின்று பார்த்தான்.

"தெரியலையே ஐயா," என்றான். "கறுப்பு மேல கறுப்பு. வெளிச்சத்துல கொஞ்சம் திரும்பி நில்லுங்க... ஆ, இப்போ தெரியுது. அட்மிரல் முன்னாடி இப்படியே சாஞ்சு நில்லுங்க."

படித்துறைக்குப் போக மால்டாக்காரப் படகு ஒன்றைப் பிடித்தார்கள். படகுக்காரன் லானிகனின் சரிகையைப் பார்க்கவில்லை. டில்லியார்ட் காலை வைத்ததும் எழுந்து, தொப்பியை எடுத்து, அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். மூடிய கறுப்பைப் பார்த்துத் தன் கத்தோலிக்கச் சபைக் குருவானவர் என்று நினைத்துவிட்டான். கையை இழுத்துக்கொள்வதா, ஆசீர்வதிப்பதா? டில்லியார்ட் இரண்டும் செய்யாமல் கையை அவனிடமே விட்டுவிட்டார்.

"ஆசீர்வாதம் பண்ணிடுங்க," என்றார் லானிகன். "பாவம், காத்துக்கிட்டு இருக்கான். உங்க ஆளுங்க யாருக்கும் தெரியாது, எங்க ஆளுங்களுக்கு நான் சொல்லப் போறதில்லை."

டில்லியார்ட் ஏதோ முணுமுணுத்தார். படகுக்காரன் திருப்தியாகத் துடுப்பை எடுத்தான். கூலியும் வாங்க மாட்டேன் என்றான்.

மேட்டில் ஏறும்போது லானிகன் சொன்னார்: "மாலுமிங்க சொல்றது ஞாபகம் இருக்கா? பாதிரிக்குப் பதவியே கிடையாது, எவன்கூடப் பேசறாரோ அவன் பதவிதான் அவருக்கும்னு. இன்னிக்கு அட்மிரலைத் தவிர ஒருத்தர்கூடயும் பேசிடாதீங்க."

அட்மிரல் வீட்டு முன்கூடத்தில் விளக்குகள் எரிந்தன. உள்ளே வருகிறவர்களை அட்மிரலின் உதவி லெப்டினன்ட் வின்டர்போர்ன் நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தான். இளைஞன். தோளில் தங்கக் கயிறு. கையுறைச் சம்பவத்துக்குப் பிறகு அவனுக்கு உறக்கமே இல்லை என்று முகம் சொன்னது. ஒவ்வொருவரையும் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தான்.

பாஸ்கோம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திறந்த வெயிஸ்ட்கோட்டு, பனி மாதிரி வெள்ளைக் கழுத்துப்பட்டி, சிவந்த முகம். நல்ல மனிதர். டில்லியார்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

லானிகன் உள்ளே போனார். டில்லியார்ட் அடுத்து.

வின்டர்போர்னின் கண் அவர் கையில் நின்றது.

"ஐயா, மன்னிக்கணும். இந்தப் பட்டி."

"ஆமா," என்றார் டில்லியார்ட்.

"சமிக்ஞை வரலையா உங்க கப்பலுக்கு? மத்தியானமே துக்கம் முடிஞ்சு போச்சு."

டில்லியார்ட் அவனைப் பார்த்தார். முடிந்துபோய்விட்டதா? அவன் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான். ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்தது. இதற்கு ஒரு கெடு உண்டு, அது இன்று மத்தியானத்தோடு தீர்ந்தது, தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது ஐயா. அட்மிரல் பாத்தா என்னைத்தான் கேப்பாரு. ஒரு நிமிஷம் நில்லுங்க, நானே எடுத்துடறேன். இதோ, தையல் போட்டிருக்காங்க. இதுக்குப் போய் யாராவது தைப்பாங்களா? எல்லாரும் குத்தூசிதான் வச்சாங்க."

பையிலிருந்து சிறு கத்தி எடுத்தான். நான்கு தையலையும் அறுத்தான். பட்டி கழன்று வந்தது. டில்லியார்ட் கையை நீட்டியபடியே நின்றார், தையற்காரனிடம் அளவு கொடுப்பவர் போல. சொல்ல வேண்டியது வாயில் இருந்தது. என் மனைவிக்கு. இரண்டே சொல். ஆனால் அவன் அதற்குள் பட்டியைச் சுருட்டி ஒரு பணியாளிடம் கொடுத்துவிட்டு வேறு கவலைக்குப் போய்விட்டான்.

"இன்னொண்ணு ஐயா. உங்களை எங்கே உட்கார வைக்கறதுன்னு மத்தியானத்திலேருந்து மண்டை காயுது. பதவி வரிசைன்னா உங்களுக்கு வரிசையே இல்லை. 'ஆல்பியோன்' கேப்டன் வயித்துவலின்னு வரல. அந்த ஓட்டை சீமாட்டி பென்ரடாக்குக்குப் பக்கத்துல விழுது. அதுல உங்களை அடைச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று டில்லியார்டுக்குப் புரியவில்லை. நன்றி என்றார்.

நீள மேசை. இருபுறமும் தங்கச் சரிகையும் பெண்களின் தோள்களும். அட்மிரல் எதிர்ப்பக்கத்தில் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புருவம், சின்ன ஆள், பெரிய குரல். லானிகன் மேசையின் கீழ்க்கோடியில் இருந்தார். டில்லியார்டின் வெறும் கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். டில்லியார்ட் தலையை ஆட்டினார். என்ன அர்த்தத்தில் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

சூப் வந்தது. மீன் வந்தது. சீமாட்டி பென்ரடாக் பருமனான, நல்ல சுபாவமுள்ள பெண்மணி. டில்லியார்டின் மூடிய வெயிஸ்ட்கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நல்ல வேளை, நீங்களாவது கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் இருக்கற பாதிரியாரைப் பாத்து ரெண்டு தடவை ரொட்டி கேட்டுட்டேன், பட்லர்னு நினைச்சு. பாவம், கொண்டுவந்து கொடுத்துட்டார்."

டில்லியார்ட் புன்னகைத்தார். முகத்தில் அது எங்கோ தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"உங்க சம்சாரம் ஊர்லயா இருக்காங்க?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை. இங்கேதான் இருக்கா."

கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான். ஹெஸ்டர் ஊரில் இல்லை. மால்டாவில்தான் இருக்கிறாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் வாக்கியம் வேறு ஏதோ சொல்கிறது என்று தோன்றியது. திருத்த வாய் திறந்தார்.

அதற்குள் அவள் மேசைக்குக் குறுக்கே குரல் கொடுத்துவிட்டாள். "ஜார்ஜ், கேட்டீங்களா? மிஸ்டர் டில்லியார்டோட சம்சாரம் ஏற்கெனவே இங்கேதான் இருக்காங்களாம்."

"அப்படியா?" அட்மிரல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக டில்லியார்டை நேராகப் பார்த்தார். "அது நல்ல சேதி. பட்டறைத் தேவாலயத்துக்குப் பாதிரி மட்டும் போதாது. தொழிலாளிங்க பொண்டாட்டிங்க ஒரு பட்டாளம் இருக்கு அங்கே. அதுங்களுக்குத் தையல் வகுப்பு, பிரசவச் சாமான், பள்ளிக்கூடம். பொம்பளை வேணும். பாஸ்கோம், உங்க வீட்டுல வர மாட்டாங்கன்னீங்களே?"

"இங்கிலாந்துல சவுத்ஸீ ஊரை விட்டு வர மாட்டா சார்," என்றார் பாஸ்கோம். "அவளுக்கு வெயில் ஆகாது."

"அப்ப சரி," என்றார் அட்மிரல். முள்கரண்டியை எடுத்தார்.

சரி என்றால் என்ன சரி? கீழ்க்கோடியில் லானிகன் மதுக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோன இடத்திலேயே பிடித்திருந்தார். பாஸ்கோம் டில்லியார்டைப் பார்த்துத் தலை வணங்கினார், தோற்றவர் ஜெயித்தவரைப் பார்ப்பதுபோல.

இடம் கிடைத்துவிட்டது. கிடைக்க வேண்டும் என்றுதான் வந்தார். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆட்டுக்கறியை வெட்டித் தின்றுகொண்டு பேசாமல் இருந்தால் போதும். ஆக்னஸ் ஸ்லீமாவிலிருந்து அவர் வீட்டுக்கு வருவாள். பிறகு தெரிந்தால் தெரியட்டும். ஆணை கையெழுத்தான பிறகு யார் என்ன செய்வார்கள்? நான் பொய் சொல்லவில்லையே. இங்கேதான் இருக்கிறாள் என்றேன். இருக்கிறாள்.

ஆட்டுக்கறியை வெட்டினார். வெட்டிக்கொண்டே இருந்தார். தட்டில் அது மிகச் சிறியதாகிவிட்டது.

"எந்தப் பக்கம் வீடு?" என்றாள் சீமாட்டி.

"ஃப்ளோரியானாவைத் தாண்டி. பியெட்டா போற வழியில."

"காத்து வருமா அங்கே?"

"வரும். மரங்கள் இருக்கு."

"எங்க வீட்டுல காத்தே இல்லை. நாளைக்குச் சாயங்காலம் நான் அந்தப் பக்கம்தான் வண்டியில போறேன். உங்க சம்சாரத்தைப் பாத்துட்டு வந்துடறேன். வர்றேன்னு முன்கூட்டியே சீட்டெல்லாம் அனுப்பற வழக்கம் எனக்குக் கிடையாது. வீட்டு அடையாளம் மட்டும் சொல்லுங்க, போதும்."

டில்லியார்ட் கத்தியைக் கீழே வைத்தார்.

"அடையாளம் இல்லை அம்மா," என்றார். "கல் இன்னும் நடலை."

அவள் புரியாமல் சிரிக்கப் போனாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பியெட்டா போகிற வழியில் மரங்களோடு இருப்பது என்ன என்று இரண்டு வாரத்தில் அவளுக்கும் தெரிந்திருக்கும். இங்கிலாந்துக்காரர்களின் கல்லறைத் தோட்டம்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பேச்சு தன்னால் அடங்குகிற ஒரு நேரம் எந்த மேசைக்கும் உண்டு. அது அந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது.

"என்ன சொல்றார்?" என்றார் அட்மிரல்.



"என் மனைவி மார்ச்சில இறந்துட்டா சார்," என்றார் டில்லியார்ட். "தையல் வகுப்புக்கு வர மாட்டா. முன்னாடியே சொல்லியிருக்கணும். இங்கே இருக்கான்னு சொன்னது..." அவர் நிறுத்தினார். "இங்கேதான் இருக்கா. ஆனா அந்த அர்த்தத்துல இல்லை."

அட்மிரலின் முகம் சிவந்தது. கோபமா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது.

"மார்ச்சில இறந்தாங்களா? அப்ப ஏன் நீங்க பட்டி கட்டலை?"

"கட்டியிருந்தேன் சார். வாசல்ல எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? யார் எடுத்தது?"

"துக்கம் மத்தியானத்தோட முடிஞ்சதுன்னாங்க."

மேசையின் ஓரத்தில் வின்டர்போர்ன் எழுந்து நின்றுவிட்டான். அவன் காது நுனி வரை ரத்தம் ஏறியிருந்தது. "நான்தான் சார். கோமகனுக்குக் கட்டினதை மறந்துட்டாருன்னு நினைச்சேன். இவர் சொல்லவே இல்லை சார். 'முடிஞ்சுதா'ன்னு கேட்டாரு. முடிஞ்சுதுன்னேன்."

"மத்தியானம் வரைக்கும் கட்டியிருந்தாரா இவரு?" அட்மிரல் பொதுவாக மேசையைக் கேட்டார்.

"இல்லை சார்," என்றார் லானிகன் கீழ்க்கோடியிலிருந்து. "சாயங்காலம்தான் கட்டினாரு. அதுவும் என்னோடது."

"அரச துக்கம் நடக்கும்போது கட்டலை. முடிஞ்ச பிறகு கட்டியிருக்காரு."

"ஆமா சார்."

"ஏன்?"

லானிகன் டில்லியார்டின் பக்கம் திரும்பினார். டில்லியார்ட் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கேள்விக்கு யாராவது விடை சொன்னால் தானும் தெரிந்துகொள்ளலாம் என்பதுபோல.

"வின்டர்போர்ன், சொந்தத் துக்கத்துக்கு விதி என்ன?"

"இடது கையில க்ரேப் சார். சீருடைக்கு மேல."

"பாதிரிக்கு?"

"பாதிரிக்குச் சீருடை இல்லை சார். ஒண்ணும் சொல்லலை."

"அப்ப இவருக்குச் சாவு வந்திருக்குன்னு ஒருத்தன் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வின்டர்போர்ன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "தெரியாது சார்," என்றான்.

"உட்காரு."

தட்டுகளை எடுத்தார்கள். ஒரு மேஜரின் மனைவி தன் கையுறையைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்தாள். மேசைவிரிப்பைச் சுருட்டினார்கள். இனி மதுக்குடுவை சுற்றுமுன் முடிவு ஜெபம் சொல்ல வேண்டும். அது பாதிரியார் வேலை. கடற்படையில் எந்தச் சாப்பாட்டு மேசையிலும் அதை யாரும் தாண்ட மாட்டார்கள்.

"பாதிரியார்," என்றார் அட்மிரல், யாரையும் பார்க்காமல்.

இரண்டு பாதிரியார்களும் பாதி எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாஸ்கோம் முதலில் உட்கார்ந்தார். டில்லியார்ட் உட்காரப் போனவர், அவர் உட்கார்ந்ததைக் கண்டு மறுபடி நிமிர்ந்தார்.

ஆயிரம் தடவை சொன்ன ஜெபம். ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

"நாங்கள் பெற்றுக்கொண்டவற்றுக்காக," என்று தொடங்கினார்.

அங்கேயே நின்றுபோனார்.

அடுத்தது நன்றி. வார்த்தை எங்கும் போய்விடவில்லை, வாயில்தான் இருந்தது. ஆனால் என்ன பெற்றுக்கொண்டோம் என்ற கேள்வி குறுக்கே நின்றது. இந்த ஆட்டுக்கறியா? இந்த வருஷமா? அதற்கு விடை தெரியாமல் அடுத்ததைச் சொல்வது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. மறுபடி தொடங்கலாமா? "நாங்கள்," என்றார். பிறகு அதுவும் இல்லை. மேசை முழுதும் தலை குனிந்து காத்திருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு உடையில் அவர் நேராக நின்றார். வெளியே தெருவில் ஒரு ஆட்டுக்காரன் மணியை ஆட்டிக்கொண்டு போனான். அந்த மணி தெருக்கோடி வரை போய் மறையும்வரை யாரும் தலை நிமிரவில்லை.

"கடவுளுக்கு நன்றி," என்றார் அட்மிரல்.

பாதிரியார் இல்லாத கப்பல்களில் தலைமை அதிகாரி அப்படித்தான் சொல்லி முடிப்பார்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். டில்லியார்ட் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்டர் டில்லியார்ட்."

"சார்."

"இந்த நிலைமையில நீங்க சீனாவுக்குப் போக லாயக்கில்லை. ஐந்நூறு பேர் கப்பல்ல ஒரு ஜெபத்தை முடிக்கத் தெரியாத ஆளை வச்சுக்கிட்டு கேப்டன் என்ன பண்ணுவாரு? பாஸ்கோம், நீங்க 'கொரிந்தியன்'ல போறீங்க. எப்படியும் சீனாவைப் பாக்கணும்னீங்க."

"சரி சார்," என்றார் பாஸ்கோம். பாஸ்கோம் சீனாவைப் பற்றி ஏதும் சொன்னதாக டில்லியார்டுக்கு நினைவில்லை.

"நீங்க கரைக்கு வந்துடுங்க," என்றார் அட்மிரல் டில்லியார்டிடம். "பட்டறைத் தேவாலயம். திங்கக்கிழமை. தையல் வகுப்பை என் சம்சாரம் பாத்துக்குவா. அவளுக்கு வேற வேலை இல்லை."

"எனக்கு நிறைய வேலை இருக்கு," என்றாள் சீமாட்டி. "ஆனா பாத்துக்கறேன்."

டில்லியார்ட் அப்படியே நின்றார். இது தண்டனையா, தயவா? லாயக்கில்லை என்றார். லாயக்கில்லாததால் கேட்டது கிடைத்தது. ஹெஸ்டருக்காகவா, கைப்பட்டிக்காகவா, வார்த்தை வராததற்காகவா? கீழ்க்கோடியில் லானிகனைத் தேடினார். லானிகன் உள்ளங்கையை மேசைமேல் மெதுவாகத் தாழ்த்திக் காட்டினார். உட்காருங்கள்.

உட்கார்ந்தார். மதுக்குடுவை அவர் முன்னால் வந்து நின்றது. அதை இடப்பக்கம் தள்ள வேண்டும். கைக்கு நினைவிருந்தது, தள்ளினார். ஆங்காங்கே பேச்சு மறுபடி தொடங்கியது, முதலில் வெயிலைப் பற்றி, பிறகு குதிரைப் பந்தயத்தைப் பற்றி.

சீமாட்டி ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள். முழுதும் உரித்து, சுளை பிரித்து, அவர் தட்டில் வைத்தாள்.

"குழந்தை உண்டா?" என்று கேட்டாள், தாழ்ந்த குரலில்.

"ஒரு பொண்ணு. ஆக்னஸ். ஸ்லீமாவில தாதிகிட்ட இருக்கு."

"எத்தனை மாசம்?"

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "அஞ்சு இருக்கும்," என்றார். "ஆறோ."

"பல் முளைக்கிற நேரம். வந்தாச்சா?"

டில்லியார்ட் யோசித்தார். கடைசியாகப் போனபோது வாசற்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவிருந்தது. குழந்தை கார்மெனாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தது. வாயைப் பார்க்கவில்லை.

"தெரியலை," என்றார். "நாளைக்குப் போய்ப் பாக்கணும்."